குவாய் ஆற்றங்கரையில் ஒரு மாலை



கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் எம் துணைவியாருடன் தாய்லாந்து நாட்டிற்குச் சென்றுவரும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. பாங்காக் மாநகரின் பொன்வேய்ந்த கோயில்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். ஆதலால், காஞ்சனபுரி என்னும் ஊரில் நாம் கழித்த ஒரு மாலைப்பொழுதை மட்டும் ஈண்டு எழுதுகின்றோம்.

நண்பகலுக்குப் பின் தொன்புரி நிலையத்திற் புறப்பட்ட இரயில், வெயில் தாழும் வேளையில் எம்மை அங்கு இறக்கியது. நிலையத்தின் அருகிலேயே போர்க் கல்லறைத் தோட்டம். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 6,982 பேர் அங்கே துயில்கின்றனர். வரிசை வரிசையாகக் கற்கள். பெரும்பாலானவற்றிற் பெயரும் வயதும் உள்ளன. புல்வெளியோ நம் பள்ளித் திடலினும் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. நாம் தேடிச் சென்ற பெயர் மட்டும் அங்கு இருக்க வழியில்லை.

1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க, 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையைச் சப்பானியப் படையினர் அமைத்தனர். போர்க்கைதிகளோடு மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரும் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். எம் பாட்டனாரும் அவருள் ஒருவர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லிப் பெரட்டுக் களத்திலிருந்தே லாரியில் ஏற்றினார்களாம். அப்போது எம் தந்தையாருக்கு நான்கு வயது. போனவர் மீளவில்லை, இறந்தார் என்று சொல்வாரும் இல்லை. ஆகையால் எம் பாட்டியார் 1981ஆம் ஆண்டிற் கண்மூடும் வரை நெற்றிக் குங்குமத்தை அழிக்கவில்லை. உறவினர் சிலர் ஏசியதும் உண்டு. திதி கொடுக்கவோ நாள் தெரியாது.

பாலத்தை அடைந்தபோது சுற்றுலாப் பயணிகள் தண்டவாளத்தின்மீது நின்று படம் எடுத்துக் கொண்டிருந்தனர். வில்லாய் வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையன. குண்டுவீச்சில் வீழ்ந்த பகுதியில், போருக்குப் பின் பொருத்தியவை கோண வடிவின. மாலை வண்டி ஆமைபோல் ஊர்ந்து வர, அனைவரும் ஓரத்து மேடைகளில் ஒதுங்கி நின்று கையசைத்தனர். நாமும் அசைத்தோம். ஏன் அசைத்தோம் என்று பின்னர் நினைத்துப் பார்த்தோம்.

பாலத்திற்குச் சிறிது தொலைவில், சப்பானியரே 1944ஆம் ஆண்டில் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்றுள்ளது. மாண்டோருக்காகப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்துள்ளனர். "இங்கே பாருங்கள், தமிழ்!" என்று துணைவியார் கூவினார். ஓடிச் சென்று பார்த்தோம். நாம் நாள்தோறும் கரும்பலகையில் எழுதும் அதே எழுத்துகள்! விரலால் தடவிப் பார்த்தோம். பெயர் ஒன்றும் இல்லை.

இருட்டியபின் ஆற்றில் மிதக்கும் உணவகம் ஒன்றிற்குச் சென்றோம். பசி யாரை விட்டது! மண்சட்டியிற் கொதிக்கக் கொதிக்கத் தொம் யாம் வந்தது. நம் தோட்டத்துச் செராயும் இஞ்சிக்கு உறவான அரத்தையும் அதில் மணந்தன. பப்பாளிக் காயைச் சீவி, மிளகாயும் எலுமிச்சையும் வேர்க்கடலையும் சேர்த்து உரலில் இடித்துத் தந்தனர். காரம் கண்ணீரை வரவழைத்தது. நாம் மாடத்தில் வைத்து வணங்கும் துளசியை அவர்கள் இறைச்சியோடு வதக்குகின்றனர். துணைவியார் அதை மட்டும் தொடவில்லை. ஆற்று மீன் வறுவல் மிகச் சுவையாக இருந்தது என்பதை மறைப்பானேன்? ஆயினும், கஞ்சிக்கும் வழியின்றி இவ்விடத்திற் கிடந்தாரோ என்ற எண்ணம் வந்ததும் வாயிலிட்ட கவளம் இறங்க மறுத்தது.

துணைவியார் ஒன்றும் பேசாமல் இன்னொரு தட்டுச் சோறு கேட்டார். அதை எம் கையிற் கொடுத்து, மிதவையின் ஓரத்தைக் காட்டினார். மந்திரம் ஒன்றும் எமக்குத் தெரியாது. பாட்டனாரின் பெயரைச் சொன்னோம். பாட்டியாரின் பெயரையும் சொன்னோம். ஒரு பிடிச் சோற்றை நீரில் விட்டோம். மீன்கள் திரண்டு வந்தன.

பரிமாறிய சிறுமி அதைக் கண்டு சிரித்தாள். உள்ளே ஓடிச் சென்று, மீன்களுக்குப் போடும் பொரிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். விலை பத்து பாட். வாங்கிக்கொண்டோம்.