குளக்கரைக் கணக்கர்கள்

திருப்பூரில் ஞாயிறு என்றால் பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை. வாரம் முழுக்கக் கட்டிங் மேசை முன்னால் நின்றவருக்கு ஆற அமரத் தூங்கக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கும் விடியுமுன் எழுந்து நஞ்சராயன் குளத்துக்கு வருகிறவர்களைப் பார்க்கத்தான் மார்கழிப் பனியில் ஊத்துக்குளி சாலை வழியாகச் சர்க்கார் பெரியபாளையம் போனேன். கட்டிங் மாஸ்டர் ஒருவர், அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், கல்லூரி மாணவர்கள் இருவர், ஆறாம் வகுப்புச் சிறுமி, அவளை அழைத்து வந்த தாத்தா. அலுவலகமோ பெயர்ப்பலகையோ இல்லாத சிறிய பறவை நோக்கர் குழு அது.

குளத்தின் பரப்பு சுமார் 125 ஹெக்டேர். நல்லாற்று வடிகாலின் மழைநீர் இங்கே வந்து சேர்கிறது. முற்காலத்தில் இதைச் சீரமைத்த நஞ்சராயன் என்ற அரசரின் பெயரே குளத்துக்கு நிலைத்தது என்பார்கள். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக இது அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இந்தப் பெருமையெல்லாம் வருவதற்கு முன்பே இங்கு வந்து, பறவைகளைப் பெயர் பெயராகக் குறித்து வைத்தவர்கள் உள்ளூர் ஆர்வலர்கள். ஒரு குளத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்பதற்கு, அங்கே என்ன வாழ்கிறது என்று முதலில் சொல்லத் தெரிய வேண்டும்.

வந்ததும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மாஸ்டர் ஸ்கோப்பில் எண்ணுவார், மாணவர்கள் பைனாகுலரில் நாணல் ஓரங்களைத் துழாவுவார்கள், சிறுமி எழுதுவாள். வெயில் முதுகில் விழும்படி இடம் பார்த்து நிற்கிறார்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருப்பாகத்தான் தெரியும். எண்ணுகிறவர் குனிந்து எழுதினால் கணக்கு தவறிவிடும் என்பதால், அவர் கண்ணை எடுக்காமல் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொள்கிறாள்: புள்ளிமூக்கு வாத்து, முக்குளிப்பான், நாமக்கோழி, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா.

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணி முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ண வேண்டும். அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதைக் கண்ணில் பதித்துக்கொண்டு, பூக்காரம்மா முழம் போடுவதுபோல அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துப் போக வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணிப் பிறகு ஒப்பிடுகிறார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து.

நாங்கள் நின்றிருந்தபோது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று நாணலுக்கு மேல் தாழப் பறந்தது. வாத்துக்கூட்டம் மொத்தமாகக் கிளம்பிக் கலைந்தது.

“மாஸ்டர், ஒரு முந்நூறுன்னு போட்டுக்கலாமுங்களா?” என்றான் மாணவன்.

“வேண்டாங் கண்ணு. உக்காரட்டும், மறுக்கா எண்ணிக்கலாம்.”

எல்லாம் இறங்கி அமரும்வரை காத்திருந்துதான் எண்ணினார்கள். மேற்பார்க்க அதிகாரி யாரும் இல்லை, கூலி இல்லை. ஆனாலும் தோராயமாக ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த நேர்மையைக் கண்டு எனக்கு அவர்கள்மேல் பெரும் மரியாதை உண்டானது.

கரையேறும்போது சிறுமி கேட்டாள்: “காக்காயும் மைனாவும் எதுக்குங்க டீச்சர்? அதுதான் எங்கியும் இருக்குதே!”

“எழுது கண்ணு. இன்னைக்கு எழுதி வெச்சாத்தானே நாளைக்குக் குறைஞ்சா தெரியும்?”

பறவைக் கணக்கின் சாரமே அந்தப் பதிலில் இருக்கிறது. பார்த்த பறவை, குரல் கேட்டு அறிந்த பறவை எல்லாவற்றையும் விடாமல் எழுதிய பட்டியலில்தான் ஒரு பறவை இல்லாததும் செய்தியாகிறது. குழு தன் பட்டியல்களை இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுகிறது. வழக்கமில்லாத பறவையோ எண்ணிக்கையோ வந்தால், சரிபார்க்கும் தன்னார்வலர்கள் விவரம் கேட்பார்கள். இப்படி 30,000க்கும் மேற்பட்டோர் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டுதான் 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 வகைகளை மதிப்பிட்டது. மின்கம்பியில் சாதாரணமாகப் பார்த்துப் பழகிய பனங்காடை வெகுவாகக் குறைந்திருப்பதை நாடு அறிந்தது அந்தக் கணக்கால்தான். அரிய பறவையை மட்டும் தேடி ஓடியிருந்தால் இது தெரிந்திருக்காது.

குழுவுக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. கூட்டை நெருங்கக் கூடாது. கூடு இருக்கும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது. படத்துக்காகப் பறவையை எழுப்பக் கூடாது. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கக் கூடாது. புதிதாக வருகிறவருக்கு முதலில் தருவது நோட்டும் பேனாவும். ஒருவரே எல்லாவற்றையும் இழுத்துச் சுமந்தால் அவர் ஊர் மாறும் நாளில் குழுவும் கலைந்துவிடும் என்பதால், வாரம் ஒருவர் நடையை முன்நின்று நடத்துகிறார். பைனாகுலர் பொது. பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளில் அது கைக்குக் கை மாறுகிறது. வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு நடக்கும்போது ஊழியர்களோடு இவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.

கரையில் மாடு மேய்ப்பவர்களிடம் ஆசிரியை நின்று பேசுகிறார். எந்தப் பக்கம் தண்ணீர் வற்றியது, யார் வலை விரித்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். குடியிருப்பவர்கள் மனம் வைக்காமல் எந்தச் சரணாலயமும் நிலைக்காது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி அருகே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர்கள், 18ஆம் நூற்றாண்டிலேயே பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கேட்டு ஆணை பெற்றார்கள். இந்தக் குளக்கரைக் குழு செய்வதும் அந்த மரபின் தொடர்ச்சிதான் என்று நம்புகிறேன்.

உங்கள் ஊரிலும் ஒரு குளமோ கண்மாயோ இருக்கும். 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணி எழுதினால் போதும், பைனாகுலர் கட்டாயமில்லை. வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். காக்கையை விட்டுவிடாதீர்கள். பொங்கல் முடிந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையும் அதே இடத்துக்குப் போங்கள். குளத்துக்கு வேண்டியது அந்த இரண்டாவது வருகைதான்.