மறையெழுத்தும் நெடுங்கணக்கும்

காரைக்குடிச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வந்து தமிழ் பயிலும் மாணவர் பலர், போட்டித் தேர்வுகளில் வரும் மறையெழுத்து வினாக்களைக் கணிதத்தார்க்கே உரியவை என்று விட்டுவிடுவதைக் காண்கிறோம். ஒரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவுவதும் உண்டு.

நம் நெடுங்கணக்கைக் கொண்டே பழகலாம். ‘தாய்’ என்பது ‘நார்’ எனின், ‘பார்’ என்பது யாது? உயிர் மாறவில்லை, மெய் மட்டும் ஓரிடம் நகர்ந்தது. தகரத்தின்பின் நகரம், யகரத்தின்பின் ரகரம். அவ்வாறே பகரம் மகரமாகும், ரகரம் லகரமாகும். விடை ‘மால்’.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, எழுத்துகள் பயின்றுவரும் அளவை எண்ணி மறைமொழியை விடுவிக்கும் நெறியை எழுதிவைத்தார். மொழியறிவே அதற்கும் அடிப்படை.

18 மெய்யை வரிசைப்பட அறிந்தோர்க்கு ஆங்கிலத்தின் 26 எழுத்து அரிதன்று. எண்ணிட்டு நாள்தோறும் பயில்வோம். வினாவை விடாது வெல்வோம்.