வடபுறச் சந்தில் ஒரு மனோரஞ்சிதம்

ஜூன் 12, 2022

பக்கத்து வீட்டில் மூன்றாவது மாடி எழும்பியதிலிருந்து, எங்கள் வடபுறச் சந்துக்குக் காலையில் ஒரு மணி நேர வெயில்தான். அங்கிருந்த இரண்டு ரோஜாவும் பட்டுப்போயின. செடியின் குற்றமில்லை, ரோஜாவுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். "சிமென்ட் பூசிடலாம் சார்" என்கிறார் கொத்தனார். மனம் வரவில்லை.

ஜூன் 19

பாகலூர் சாலை நர்சரியில் மனோரஞ்சிதம் கிடைத்தது. பதியன் கன்று, 180 ரூபாய். விதைக் கன்று என்றால் பூவுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒன்றரை அடிக் குழியில் செம்மண், மக்கிய சாணம், இலைச்சருகு கலந்து நட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சொந்த ஊர் ஆனேக்கல். "மனோரஞ்சினியா தம்பி? பாம்பு வருமே!" என்று பதறினார். பூமணத்துக்குப் பாம்பு வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும்தான் வரும். செடியடியில் குப்பை சேரவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

டிசம்பர் 28

நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது சிப்காட் சாலையெங்கும் பனி. ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்து ஊர் அல்லவா! துளிர் நின்றுவிட்டது, ஆனால் இலைகள் உதிராமல் பளபளவென்று இருக்கின்றன. நிழலில் மண் காய நாளாகிறது. விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஆகஸ்ட் 6, 2023

இலையெல்லாம் ஓட்டை. பூச்சிமருந்தைக் கையில் எடுத்த பிறகுதான் புழுவை உற்றுப் பார்த்தேன். கருஞ்சிறகில் பச்சைப் புள்ளி தெறித்த வண்ணத்துப்பூச்சியின் குழந்தை அது. சீத்தா, நெட்டிலிங்க இலைகளையும் தின்னும். மருந்தை உள்ளே வைத்துவிட்டேன். நாலு இலை போனால் போகட்டும்.

ஏப்ரல் 14, 2024

கிளையில் கொக்கி கொக்கியாக வளைந்திருப்பதை முள் என்று நினைத்துக் கத்தரிக்கப் போனேன். நல்லவேளை, நுனியில் பச்சை மொட்டு கண்ணில் பட்டது. கொடி பற்றி ஏறுவதும் அந்தக் கொக்கியால்தான், பூப்பதும் அதில்தான். கவாத்து செய்பவர்கள் இதை மட்டும் மறக்கவே கூடாது.

மே 3

இரவு கேட்டைத் திறந்ததும் பழுத்த பழ வாசனை. டார்ச் அடித்துத் தேடினேன். பூ விரியும்போது இலையோடு இலையாகப் பச்சையாக இருக்கும், மணம் இருக்காது, மஞ்சளானால்தான் மணக்கும். தடித்த இதழ்கள் ஆறு, வெளியே மூன்றும் உள்ளே மூன்றுமாக. இரண்டு நாளாக அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 4

பூவைப் பறித்துப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். எனக்கு அது வாழைப்பழ வாசம். அவர் கண்ணை மூடி முகர்ந்து, "இல்ல தம்பி, பலாப்பழம்" என்றார். டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தாராம். இரவு வரை கூடமெல்லாம் மணந்ததாம்.

ஜூன் 9

மழை பிடித்துவிட்டது. இரண்டு கிளையில் பதியன் கட்டியிருக்கிறேன். வேர்விட்டதும் ஒன்று அந்த அம்மா வீட்டுச் சந்துக்கு.