பூட்டிய வீட்டுக்கு உரியவர்

திருப்பூரில் வெற்றிடம் என்று ஒன்று இருப்பதில்லை. நொய்யலின் இருகரையிலும், இடம் கிடைத்த மூலையிலெல்லாம் ஒரு தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். மாட்டுக்கொட்டகை கட்டிங் மேசைக்கு இடமாகும்; வீட்டு மாடி செக்கிங் அறையாகும். இவ்வூரின் முதற் பின்னலாடைத் தொழிலகத்தை 1925-ஆம் ஆண்டில் குலாம் காதர் சாகிபு நிறுவினார் என்பர். அந்நாள் தொட்டு இடத்துக்கான பசி இங்கே அடங்கியதே இல்லை. இத்தகைய ஊரில் ஒரு வீடு முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பூட்டியே கிடந்தால், அது எத்தனை பேர் கண்ணை உறுத்தும் என்பதை வாசக அன்பர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நம் வளவை ஒட்டிக் கிடந்த ஓட்டு வீடு அத்தகையது. திண்ணையில் எருக்கு முளைத்திருந்தது. பூட்டு துருவேறிக் கதவோடு ஒன்றாகிவிட்டிருந்தது. நம் மூத்த மகனுக்கோ இடம் போதவில்லை. நான்கு ஓவர்லாக்கும் இரண்டு பேட்லாக்கும் போட்டுப் பிழைக்கிறவன், கூடுதலாக நான்கு இயந்திரம் போட வழியின்றி வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். தெருவார் யோசனை சொல்லத் தயங்கவில்லை.

"ஏனுங்க பாய், பூட்டை ஒடச்சு உள்ள போங்க. வரியக் கட்டிக் கரண்டு வாங்கீருங்க. பன்னண்டு வருசம் போனா வீடு உங்குளுது. எவன் வந்து கேக்கப் போறான்?"

இது வெறும் திண்ணைப் பேச்சன்று. சட்டத்தின் சாயல் இதில் உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தம் சொத்து பிறர் கைக்கு எதிரிடையாகப் போன நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுக்குள் உரியவர் வழக்குத் தொடுக்க வேண்டும். தவறினால் அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு அவருடைய உரிமையையே அழித்துவிடுகிறது. 2008-இல் ஒரு வழக்கில் இவ்விதி அறிவுக்கும் நியாயத்துக்கும் பொருந்தாதது என்று உச்சநீதிமன்றம் கடிந்துரைத்தது. ஆயினும் 2019-இல் அதே நீதிமன்றம், இவ்வாறு உரிமை பெற்றவர் தாமே வாதியாகவும் வழக்கிடலாம் என்றது. 2023-இல் சட்ட ஆணையம் தன் 280-ஆவது அறிக்கையில் மாற்றம் எதுவும் வேண்டா என்று பரிந்துரைத்தது.

ஆனால் தெருவார் அறியாத செய்தி ஒன்று உண்டு. கர்நாடக வக்ஃபு வாரிய வழக்கில் 2004-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக வரையறுத்தது: எந்நாளில் புகுந்தாய், எத்தன்மையில் அனுபவித்தாய், அது உரியவருக்குத் தெரிந்திருந்ததா, இடையீடின்றி எத்தனை ஆண்டு நீடித்தது என்பனவற்றையெல்லாம் அனுபவ பாத்தியம் கோருபவனே மெய்ப்பிக்க வேண்டும், நியாயம் அவன் பக்கம் இருப்பதாகக் கொள்ளப்படமாட்டாது. உரியவர் இன்னார் என்றே அறியாதவன், அவருக்கு எதிராக அனுபவித்தேன் என்று வாதிடவும் இயலாது. ஆக, நேர்வழியில் வாங்கவும் உரியவர் வேண்டும். அபகரிப்பதற்கும் உரியவர் வேண்டும்! உரியவரும் வாரிசும் அடியோடு இல்லையெனில், அரசியல் சட்டத்தின் 296-ஆவது பிரிவின்படி வீடு அரசைச் சேரும். அண்டை வீட்டாரைச் சேராது.

சட்டம் கிடக்கட்டும். விட்டுப் போனவர் என்றால் வேண்டாமென்று போனவர் என்று பொருளா? 1964-இல் பர்மாவில் கடைகள் தேசியமயமாக்கப்பட்டபோது கைப்பையோடு கப்பலேறிய தமிழர்கள், பூட்டிவிட்டு வந்த வீடுகளை வேண்டாமென்றா விட்டு வந்தனர்? 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணச் சோனகத் தெருவில் வாழ்ந்த நம் மக்கள், விடுதலைப் புலிகள் கொடுத்த இரண்டு மணி நேரக் கெடுவுக்குள் நகரை விட்டு வெளியேறினர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு துரத்தப்பட்டனர். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. இலங்கைச் சட்டத்தில் பத்தாண்டு எதிரிடை அனுபவமே உரிமைக்குப் போதும். இருபதாண்டு கழித்துத் திரும்பியவருக்கு அந்தக் கணக்கின்படி என்ன மிஞ்சியிருக்கும்? அதனாலேயே 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் அங்கே பிறந்தது. 1983 மே முதல் 2009 மே வரை ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் நாட இயலாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்று அது விலக்களித்தது. இச்செய்தியை அறிந்த பின் நம் கை அந்தத் துருப்பூட்டின் பக்கம் போகவில்லை.

எனவே உரியவரைத் தேடுவது என முடிவு செய்தோம்.

மாநகராட்சி வரிப் பதிவேட்டில் ஒரு பெயர் கிடைத்தது. வரியோ நெடுநாளாக நிலுவை. அப்பெயருக்கு உரியவர் காலமாகிப் பல்லாண்டாயின என்பதைத் தெருவே அறியும். நகர நில அளவைப் பதிவேட்டிலிருந்து சர்வே எண்ணைப் பெற்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுச் செய்தோம். கணினியில் ஏறிய ஆண்டுகளுக்கு முற்பட்டவற்றைக் கட்டணம் செலுத்திக் கையாலேயே தேடச் செய்யவேண்டியிருந்தது. 1960-களில் எழுதப்பட்ட கிரயப் பத்திரம் ஒன்று வெளிப்பட்டது. பழம் பத்திரங்களைப் போல விவரம் தருபவை வேறில்லை; தகப்பன் பெயர், குடியிருப்பு, தொழில் அனைத்தும் அதில் இருந்தன. சக்குபந்தியில் கிழக்கு எல்லையாக நம் பாட்டனார் பெயரே எழுதப்பட்டிருந்தது! பட்டாவும் வரி ரசீதும் உரிமைப் பத்திரங்கள் ஆகமாட்டா என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருப்பதால், இப்பத்திரத்தின் நகலே நமக்குப் பெரும் பொருளாயிற்று.

காதர்பேட்டையில் பனியன் வியாபாரம் செய்யும் முதியவர் ஒருவர் அத்தகப்பனாரை அறிந்திருந்தார். "ரெண்டு பசங்க. பெரியவன் பினாங்குல. சின்னவன் கோயமுத்தூர்ல இருக்கான். நம்பர் தரட்டுங்களா?" என்றார்.

இளையவர் மகிழ்ச்சியோடு பேசினார். அண்ணனிடம் அதிகாரப் பத்திரம் வாங்கிவிடுவதாகவும், ஒரு மாதத்தில் கிரயம் முடிக்கலாம் என்றும் சொன்னார். விலையும் நம் கைக்கு எட்டுவதாகவே இருந்தது. நம் மகன் புதிய இயந்திரங்களுக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டான்.

அப்போதுதான் ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் தஃப்தரைப் பார்க்கத் தோன்றியது. வருவாய்த் துறைப் பதிவேடுகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும்; பெண்மக்கள் பெயரோடு இருப்பது நிக்காஹ் தஃப்தரில்தான். மங்கிய மையில் அத்தகப்பனாரின் பெயர். அவருக்கு ஒரு மகள். மணமகன் ஊர் தாராபுரம்.

இளையவரிடம் கேட்டோம். சற்று நேரம் மறுமொழி இல்லை. பின், "அவுங்குளுக்குக் கல்யாணத்துலயே நகை போட்டு அனுப்பியாச்சுங்க பாய். அதெல்லாம் கணக்குல வராதுங்க" என்றார்.

நம்மவரிடையே இப்பேச்சு புதிதன்று. நகை நகைதான், பாகம் பாகம்தான். தாயார் முன்னரே காலமாகிவிட்டதால் இரு மகன்களுக்கு ஐந்தில் இரண்டு வீதம், மகளுக்கு ஐந்தில் ஒன்று. தகப்பன் மௌத்தான நொடியிலேயே அப்பங்கு அவளுடையதாகிவிடுகிறது. யாரும் பிரித்துக் கொடுக்கும் வரை காத்திருப்பதில்லை. சகோதரர் இருவர் மட்டும் கையொப்பமிட்டால் வாங்குபவருக்குக் கிடைப்பது ஐந்தில் நான்கு பங்கே. கூட்டு உரிமையாளர் ஒருவர் வீட்டை வைத்திருந்தார் என்பதால் மட்டும் மற்றவர் உரிமை போய்விடாது. உன்னை விலக்கினேன் என்று வெளிப்படையாகக் காட்டியிருக்க வேண்டும். ஆகையால், தமக்கையார் கையொப்பமின்றிக் கிரயம் இல்லை என்று சொல்லிவிட்டோம். இளையவர் கோபித்துத் தொலைபேசியை வைத்தார். மகனும் இரண்டு நாள் நம்மோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

தாராபுரத்தில் அவ்வம்மையாரைக் கண்டுபிடிப்பது அரிதாயிருக்கவில்லை. வயது அறுபதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர். அத்தாவின் வீடு எப்போதோ விற்றாகிவிட்டது என்றே நினைத்திருந்தார். பத்திர நகலைக் கையில் கொடுத்தோம். தமிழெழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தவர், தகப்பன் பெயர் வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

"நானும் பங்காளிங்களா தம்பி?"

"ஆமாங்கக்கா. அஞ்சுல ஒண்ணு உங்களுது."

"வெலைய அப்பறம் பேசலாம். வீட்டை மொதல்ல பாக்கோணும்."

அடுத்த வாரம் மகளோடு பேருந்தில் வந்தார். கோவையிலிருந்து தம்பியும், ஜமாஅத்துப் பெரியவர்கள் சொன்னதன் பேரில், வந்து சேர்ந்தார். பூட்டு திறக்கவில்லை, அவர்கள் இருவர் முன்னிலையில் ஆசாரி அறுத்தெடுத்தார். ஓடுகள் பாதி சரிந்திருந்தன. உத்தரம் மட்டும் உறுதியாயிருந்தது. அடுப்படிச் சுவரில் புகைக்கறை அப்படியே இருந்தது. அம்மையார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விற்கப் போவதில்லை என்றார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பின் சொல்லவில்லை.

வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியரிடம் மூவர் பெயரும் சேர்த்து மனுக் கொடுக்கப்பட்டது. நிக்காஹ் தஃப்தரின் நகலையும் அதனோடு இணைத்தோம். பினாங்குக்காரர் ஒப்புதல் அனுப்பினார். வரி நிலுவையையும் ஓடு மாற்றும் செலவையும் நாமே முன்பணமாகக் கொடுத்து, வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கேட்கிறபடி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறது. உரிமையாளர் என்ற இடத்தில் மூன்று பெயர்கள். வாடகைக்கு இருப்பவன் எத்தனை பன்னிரண்டு ஆண்டு இருந்தாலும் அனுபவ பாத்தியம் பேச முடியாது என்று வக்கீல் சிரித்துக்கொண்டே சொன்னார். மகன் கூடுதலாக மூன்று இயந்திரம் போட்டிருக்கிறான். நான்காவதற்கு அடுப்படியை இடிக்க வேண்டும், அதற்கு அம்மையார் இணங்கவில்லை. மாதந்தோறும் வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு தாராபுரம் போகிறது. பணம் வந்து சேர்ந்ததும் அவர் தொலைபேசியில் அழைத்து, கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா என்று கேட்பார்.