நிஸ்ஸேயின் சிவப்புத் தொப்பி

1994 டிசம்பர். நாங்கள் ஒஸ்லோவுக்குக் குடிவந்த முதல் வருடம். அதற்கு முன் ஐந்து வருடம் வடக்கே ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலை ஒன்றை நம்பி வாழ்ந்த கரையோரக் கிராமத்தில் இருந்தோம். நாலு வயது மகளின் பாலர் பாடசாலையிலிருந்து ஒரு துண்டு வந்தது. வெள்ளிக்கிழமை நிஸ்ஸே விழா, பிள்ளைகள் நிஸ்ஸே உடுப்பில் வரலாம் என்று எழுதியிருந்தார்கள். நிஸ்ஸே என்றால் எங்கள் நத்தார் தாத்தாதான் என்று நினைத்தேன். இரண்டு மீற்றர் சிவப்புத் துணியும் ஓரம் வைக்க வெள்ளைப் பஞ்சுத்துணியும் வாங்கிவந்து, இரவிரவாக இருந்து தைத்தேன். காலுறை தவிர எல்லாம் சிவப்பு.

காலையில் படிக்கட்டில் கீழ்வீட்டு அம்மா எங்களைக் கண்டார். குட்பிரான்ஸ்டாலன் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணையில் பிறந்தவர். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. குனிந்து மகளின் சட்டைத் தையலைத் திருப்பிப் பார்த்து, "நல்ல வடிவாகத் தைத்திருக்கிறாய்" என்றார். பிறகு தொப்பியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் பண்ணை நிஸ்ஸேக்கு இது மட்டும்தான் சிவப்பு. உடுப்பு சாம்பல்" என்றார். பின்னேரம் கோப்பி குடிக்க வரச் சொன்னார். நோர்வேயைப் பற்றி நான் படித்த முதல் பாடம் அந்தக் கோப்பி மேசையில்தான் தொடங்கியது.

நிஸ்ஸே வடதுருவத்திலிருந்து வண்டி ஏறி வருகிறவர் அல்ல. பண்ணையிலேயே குடியிருப்பவர். மாட்டுக் கொட்டிலிலும் வைக்கோல் பரணிலும் வாழும் குள்ளக் கிழவர். அந்த நிலத்தை முதன்முதலில் வெட்டித் திருத்திய மூதாதையின் ஆவி என்று பல ஊர்களில் நம்பினார்கள். குதிரைக்கும் பசுவுக்கும் காவல் அவர். நத்தார் இரவில் அவருக்கென்று ஒரு கிண்ணம் கஞ்சி, மேலே வெண்ணெய்க் கட்டியோடு, கொட்டிலில் வைக்கவேண்டும். அவருடைய கஞ்சியைத் தானே குடித்துவிட்ட வேலைக்காரப் பெண் ஒருத்தியை, அரை உயிராகும்வரை பிடித்து ஆட்டிவைத்தார் என்று ஒரு கதை உண்டு. கேட்டபோது எங்கள் ஊர் வைரவர் நினைவுக்கு வந்தார். படையல் தவறினால் கோபிக்கிற, தவறாவிட்டால் வளவைக் காக்கிற தெய்வம். நத்தார் நாட்களில் இங்கே பாலில் அவிக்கிற அரிசிக் கஞ்சியோ, எங்கள் பாற்புக்கைக்குச் சொந்தம். ஒரு பாதாம் பருப்பை உள்ளே ஒளித்துவைப்பார்கள். அது யாருடைய கிண்ணத்தில் வருகிறதோ அவருக்கு மாசிப்பானில் செய்த பன்றிக்குட்டி பரிசு.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் எளியது. பண்ணைக்காரர் உடுத்ததைத்தான் நிஸ்ஸேயும் உடுத்தார். வெள்ளாட்டு மயிரல்ல, செம்மறி மயிர். வெள்ளை ஆட்டின் மயிரையும் கறுப்பு ஆட்டின் மயிரையும் கலந்து நூற்று, நெய்து, தண்ணீரில் அடித்து இறுக்கிய தடித்த துணிக்கு வாட்மெல் என்று பெயர். சாயம் போடாவிட்டால் அது சாம்பல். உழைக்கிறவனின் நிறம்.

சிவப்புக்கு மட்டும் பாடுபடவேண்டும். கீழ்வீட்டு அம்மாவின் பாட்டி கோடையில் மேய்ச்சல் வெளியில் மஞ்சள் பூப்பூக்கும் குல்மௌரே என்ற சிறு செடியைக் கிண்டி, நூல்போன்ற வேர்களைச் சேர்ப்பாராம். படிகாரத்தில் ஊறவைத்த கம்பளி நூலை அந்த வேரோடு சூடாக்கினால் சிவப்பு ஏறும். கூடை நிறைய வேர் கிண்டினாலும் ஒரு தொப்பிக்குத்தான் காணும் என்று கையை விரித்துக் காட்டினார். காசுள்ளவர்கள் தெற்கிலிருந்து வரும் மஞ்சிட்டி இனத்து வேரை வாங்கினார்கள். முழு உடுப்பையும் சிவப்பாக்க ஏழைப் பண்ணையில் யாருக்கு முடியும்? தலைக்கு மட்டும் சிவப்பு.

நான் கோப்பியை வைத்துவிட்டேன். சாயவேர் கிண்டிய ஊர்க்காரி அல்லவா நான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணல் நிலத்தில் சாயவேர் கிண்டிப் புடைவைக்குச் சிவப்பு ஏற்றினார்கள். அதற்கும் படிகாரம்தான் பிடிமானம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அந்த வேர் வியாபாரத்தைத் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். குல்மௌரே, மஞ்சிட்டி, சாயவேர் மூன்றும் கோப்பிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைப் பின்னாளில் படித்தபோது, அந்த மேசையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் முழுச் சிவப்பு எங்கிருந்து வந்தது? குளிர்பானக் கம்பனி ஒன்றின் விளம்பரம்தான் காரணம் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அது சரியல்ல. இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரின் ஆயர் புனித நிக்கலஸ் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். ஒல்லாந்து நாட்டில் அவர் ஆயரின் சிவப்புப் போர்வையோடு பிள்ளைகளிடம் வருகிறார். அமெரிக்காவில் தோமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் 1863 முதல் சாண்டா குளோஸை வரைந்தார். முதற்படத்தில் அமெரிக்கக் கொடியின் நட்சத்திரமும் கோடுகளுமே உடுப்பு. 1900களின் தொடக்கத்தில் சஞ்சிகை அட்டைகளில் சிவப்புச் சாண்டா வந்துவிட்டார். கொக்கா கோலாவுக்காக ஹடன் சுண்ட்புளொம் வரையத் தொடங்கியது 1931இல். இருந்த சிவப்பை அவர் உலகம் முழுக்கப் பரப்பினார், உண்டாக்கவில்லை. அவரும் வட ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த, சுவீடிஷ் பேசும் குடும்பத்தின் பிள்ளை.

இங்கே நடந்தது வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டென்மார்க்கில் தொடங்கி, பண்ணைக் காவலரான நிஸ்ஸே நத்தார் பரிசு கொண்டுவருகிறவராக மாறினார். 1881இல் சுவீடனின் யென்னி நிஸ்ட்ரோம், விக்தர் ரிட்பெரியின் கவிதை ஒன்றுக்கு நிஸ்ஸேயை வரைந்தார். பிறகு நிஸ்ட்ரோமின் நத்தார் அட்டைகள் வீடுவீடாகப் போயின. சாம்பல் உடுப்பு, வெள்ளைத் தாடி, சிவப்புத் தொப்பி. முழுச் சிவப்பு அமெரிக்காவிலிருந்து பின்னால் வந்து சேர்ந்தது.

அன்று அந்தக் கோப்பி மேசையிலிருந்து கீழ்வீட்டு அம்மா எழுந்துபோய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு பிள்ளையின் கம்பளித் தொப்பி. பழைய சிவப்பு, ஓரத்தில் பூச்சி அரித்து, இரண்டு இடத்தில் வேறு நூலால் பின்னியிருந்தது.

1940 ஏப்ரலில் ஜெர்மன் படைகள் நோர்வேக்குள் நுழைந்தன. ஆட்சியை எதிர்ப்பவர்கள் வாய்திறக்க முடியாத அந்தக் காலத்தில், சட்டையில் ஒரு கடதாசிக் கிளிப் குத்திக்கொள்வதும் தலையில் நிஸ்ஸேயின் சிவப்புத் தொப்பி போடுவதும் அடையாளமாயின. தெருவில் சிவப்புத் தொப்பிகள் பெருகின. 1942 பெப்ரவரி 26 முதல் அதற்குத் தடை என்று பொலிஸ் அறிவித்தது. சிறு பிள்ளை போட்டால் பெற்றோர் பொறுப்பு. அப்போது பத்து வயதான கீழ்வீட்டு அம்மாவின் தொப்பியை அவருடைய தாய் மாப்பெட்டிக்கு அடியில் ஒளித்தார். 1945 மே 8, நாடு விடுபட்ட நாளில், தலைக்குச் சிறுத்துப்போன அதே தொப்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன் என்றார் அவர்.

"தொப்பிக்கா பயந்தார்கள்?" என்று பக்கத்திலிருந்த என் மகள் கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அது புதிய செய்தி அல்ல. கார்த்திகைப் பூவின் சிவப்பையும் மஞ்சளையும் கண்டால் விசாரிக்க வருகிற மண்ணிலிருந்து வந்தவள் நான். ஒரு நிறத்தைத் தடுக்கும் அதிகாரம், அந்த நிறத்துக்குச் சனங்கள் கொடுத்த பொருளைத்தான் தடுக்கப் பார்க்கிறது. அது முடியாத காரியம் என்பதற்கு அந்தப் பூச்சியரித்த தொப்பி சாட்சி.

அந்த அம்மா இப்போது இல்லை. மகளுக்கே மகள் பிறந்து பாலர் பாடசாலைக்குப் போகிறாள். கடைகளில் முழுச் சிவப்பு உடுப்பு மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்குவது பிழையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மாடிப்படியில் தினமும் எதிர்ப்படும் வயோதிபரை ஒருநாள் நிறுத்தி, அவர்கள் வீட்டு நிஸ்ஸே எப்படி இருந்தார் என்று விசாரியுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நம் சாயவேரின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு நாட்டை நமதாக்கிக்கொள்ள மொழிப் பரீட்சை மட்டும் போதாது. அதன் பழைய தொப்பிகளையும் கையில் வாங்கிப் பார்க்கவேண்டும்.

பேத்திக்கு இந்த வருடம் சாம்பல் கம்பளியில் சட்டை தைத்து முடித்துவிட்டேன். தொப்பிக்கு மட்டும் சிவப்பு நூல் எடுத்து வைத்திருக்கிறேன்.