பாம்பன் பாலத்தில் ஒரு சிவப்பு விளக்கு

ரயிலின் மீது எனக்குள்ள மோகம் எங்கள் குடும்பத்தில் அனைவரும் அறிந்தது. பிறர் நாவல் வாசிப்பதைப் போல நான் ரயில்வே கால அட்டவணையை வாசிப்பேன். பாடம் முடிந்ததும் ஸ்டேஷன் பக்கம் உலாவச் செல்லும் உஸ்தாதைக் கண்டு மாணவர்கள் தமக்குள் சிரித்துக்கொள்வதும் எனக்குத் தெரியும்.

இந்த மோகத்தை எனக்குத் தந்தவர் என் பாட்டனார். கொழும்பில் சிறு கடை வைத்திருந்த அவர், இராமநாதபுரத்தில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கே மறுபடியும் ரயிலேறிக் கொழும்பு சேர்ந்த கதையை நூறு முறையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் பாம்பன் பாலம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கடல்மேல் போகிற வண்டியில் உரக்கப் பேசக்கூடாது என்று அவருக்கு ஓர் எண்ணம்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய பாலம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுடையது. கப்பல் வரும்போது நடுவிலுள்ள இரும்புத் தூக்குப்பாலம், கூப்பிய கைகள் விரிவதைப்போல இரு பக்கமும் மேலெழும். நெம்புகோல்களைப் பிடித்து ஆட்கள் கூடித் தள்ளியே அதனைத் திறந்தார்கள். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. சன்னலோரம் அமர்ந்து கீழே நோக்கினால் தண்டவாளம் தெரியாது, கடல்தான் தெரியும்.

அந்தப் பாலத்தின்மீது எனக்கு ஒரு வருத்தம் பல ஆண்டுகள் இருந்தது. 2009ஆம் ஆண்டு ஆடி மாதம், பாம்பனில் வாழ்ந்த என் மாமி வஃபாத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. சிறுவயதில் என்னைத் தூக்கி வளர்த்தவர். அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்றார்கள். மதுரையிலிருந்து பேருந்தில் சென்றிருக்கலாம். பேருந்து நிலையத்துக்குத்தான் முதலில் போனேன். ஆனால் ராமேஸ்வரம் வண்டி புறப்படும் நேரம் எனக்கு மனப்பாடம். கணக்குப் போட்டுப் பார்த்து, ரயிலே உகந்தது எனத் துணிந்தேன். அக்கணக்கில் ஆடிக்காற்றை நான் சேர்க்கவில்லை.

உச்சிப்புளி தாண்டும்போதே பனைமரங்கள் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நின்றன. மண்டபத்தில் வண்டி நின்றது. சிக்னல் சிவப்பு. கால் மணி, அரை மணி, ஒரு மணி. கார்டிடம் சென்று கேட்டேன். "காத்து குறையாம வண்டி நகராது பாய்" என்றார். பேருந்துகள் சாலைப் பாலத்தில் போய்க்கொண்டுதானே இருக்கின்றன, ரயிலுக்கு மட்டும் என்ன கேடு என்று வாக்குவாதம் செய்தேன். அவர் பதில் சொல்லாமல் சிக்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். இதோ விடுவார்கள், இதோ விடுவார்கள் என்ற நப்பாசையில் மேலும் நேரத்தை இழந்து, கடைசியில் இறங்கிச் சாலைக்கு ஓடிப் பேருந்து பிடித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது கபரஸ்தானிலிருந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாப்பா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒன் ரயிலு ஒன்னக் கொண்டாந்து சேத்துச்சா?"

அந்தச் சிவப்பு விளக்கை எரிய வைத்தது எது என்பதைப் பின்னர்தான் நிதானமாகப் படித்தறிந்தேன். பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகிவிடும். சாலைப் பாலம் தடுப்புச் சுவருடைய அகன்ற பாலம். ரயில் பாலமோ ஒற்றைப் பாதை. பெட்டிகளின் நெடிய பக்கச்சுவர் முழுவதும் காற்றுக்கு எதிரே விரித்த பாய் போன்றது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். ரயிலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இறுமாந்திருந்த எனக்கு இது தெரியாமற் போயிற்று.

இதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, நள்ளிரவுக்குச் சற்று முன்பு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653ஆம் எண் பயணி வண்டி புறப்பட்டது. வெளியே புயல். தனுஷ்கோடியை நெருங்கும் நிலையில் சிக்னல் விளக்கு எரியவில்லை. டிரைவர் சற்று நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டு, நீண்ட விசில் கொடுத்து வண்டியை மெல்ல நகர்த்தினார் என்றே விவரங்கள் கூறுகின்றன. பேரலை வந்து வண்டியை மூடியது. பயணிகளும் ஊழியர்களுமாக 115 பேர் என்பது அரசுக் கணக்கு. எரியாத சிக்னலைச் சிவப்பு என்றே கொள்ள வேண்டும் என்பது ரயில்வே விதி. ஆனால் அந்த இருட்டில், பின்னால் கடல் ஏறி வரும்போது, ஊர் எட்டும் தூரத்தில் இருக்கையில், அந்த மனிதர் என்ன நினைத்தாரோ! அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு மய்யித்துக்காக நானே கார்டிடம் சண்டையிட்டவன்தானே.

அதே புயலில் பாலத்தின் 146 கண்களில் 126இன் உத்தரங்கள் கடலுக்குள் போயின; நடுத் தூக்குப்பாலம் தப்பியது. இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாட்களில் அதனை மீட்டெடுத்தார். கடலில் கிடந்த உத்தரங்களையே தேடித் தூக்கி மறுபடியும் வைத்தார்கள். தனுஷ்கோடிப் பாதை மட்டும் மீளவேயில்லை.

பழைய பாலம் தளர்ந்து, 2022 டிசம்பரில் பயணி வண்டிகள் நிறுத்தப்பட்டன. அதனருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்து என் பன்னிரண்டு வயது மகனை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். இப்போது நடுவிலுள்ள 72.5 மீட்டர்ப் பகுதி அப்படியே செங்குத்தாக மின்விசையால் 17 மீட்டர் உயர்கிறது. தள்ளுவதற்கு ஆட்கள் தேவையில்லை. மகன் சன்னலை விட்டு நகரவில்லை. இடப்பக்கம் பாக் நீரிணை குளம்போல் கிடந்தது. வலப்பக்கம் மன்னார் வளைகுடா நுரைத்தது. பழைய பாலம் துருவேறி அருகே நின்றது. வண்டி அன்று எங்கும் நிற்கவில்லை. "இவ்வளவுதானா வாப்பா?" என்றான். பாட்டனார் இருந்தால் அவனை அதட்டியிருப்பார்.

தனுஷ்கோடிக்குப் பேருந்தில் சென்றோம். ஸ்டேஷன் கட்டடத்தின் எஞ்சிய சுவர்கள் மணலில் நிற்கின்றன. போட் மெயில் வந்து நின்ற இடம் எது என்று மகன் கேட்டான். தண்டவாளம் இல்லாத மணலில் உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டினேன். 1964ஐப் பற்றி அங்கே வைத்துச் சொன்னேன். அவன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "வெளக்கு எரியலன்னா நிக்கணும்னு அவருக்குத் தெரியாதா?" என்றான். தெரியும் என்றேன்.

திரும்பும் வழியில் பாம்பனில் இறங்கி மாமியின் கபருக்குச் சென்றோம். பதினாறு ஆண்டுகளில் எத்தனையோ முறை ஜியாரத்துக்கு வந்திருக்கிறேன். ரயிலில் வந்தது இதுவே முதல் முறை. ஸலாம் சொல்லி துஆ ஓதினோம். வெயில் சாய்ந்து காற்று எழுந்தது. பாலத்தின் திசையிலிருந்து விசில் கேட்டது. மகன் என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, "பதினோரு நிமிஷம் லேட்டு" என்றான்.