அரைக் கட்டை இறக்கி

பட்டாசு ஆலைகளில் சனிக்கிழமை சம்பள நாள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வாரம் முடிவது அன்றைக்குத்தான். கூலி கைக்கு வந்து, கடைத்தெருவுக்குப் போய், மளிகை பாக்கியைத் தீர்த்த பிறகு மிச்சமிருப்பது ஞாயிறு ஒன்று. அதையும் விட்டுக்கொடுத்துக் கிட்டார் கற்க வந்தவர்களோடு விருதுநகரில் ஒரு பள்ளிக்கூட அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். சனி மாலையும் ஞாயிறு பிற்பகலும் வகுப்பு. ஞாயிறு காலையில் வைக்க வழியில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் ஆராதனை முடிந்துதான் வருவார்கள். தென்மாவட்டங்களில் பலர் கிட்டாரை முதன்முதலில் தொட்டுப் பார்த்ததே தேவாலயப் பாடகர் குழுவில்தான்.

சொல்லிக்கொடுத்தவர்கள் இரண்டு பெரியவர்கள். ஒருவர் மெல்லிசைக் குழுக்களில் ரிதம் கிட்டார் வாசித்தே தலை நரைத்தவர். மற்றவர் பாடகர் குழுவில் வளர்ந்து, அங்கிருந்து மேடைக்குப் போனவர். பங்குனிப் பொங்கல், சித்திரைத் திருவிழா, ஆடிக் கடைசி வெள்ளி என்று இந்தப் பக்கத்து அம்மன் கோயில் மேடைகள் எல்லாவற்றையும் இருவரும் பார்த்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அவர்கள் "மாஸ்டர்" தான்.

வந்த பிள்ளைகள் கைப்பேசி பார்த்து நிறையக் கற்றிருந்தார்கள். 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' தொடக்கத்தை ஒரு கல்லூரி மாணவர் அப்படியே வாசித்தார். 1982-இல் வந்த பாட்டு. சந்திரசேகர் என்ற கலைஞரின் விரல்கள் வாசித்தது. இன்றைக்கும் இங்கே கிட்டார் எடுக்கிறவர்கள் முதலில் போய் நிற்கும் வாசல் அதுதான். மாஸ்டர் முழுவதும் கேட்டார். "நல்லா இருக்கு தம்பி. இப்போ பாடுறவருக்குத் தொண்டை கட்டிருச்சு. அரைக் கட்டை இறக்கி வாசி" என்றார்.

மாணவரின் கை அப்படியே நின்றது. வகுப்பு உண்மையில் தொடங்கியது அங்கேதான்.

நம் மேடைகளில் சுருதிக்குக் கணக்கு கட்டை. ஒரு கட்டை என்றால் சி, நான்கு என்றால் எஃப், ஐந்து என்றால் ஜி. பாடகர் "அஞ்சு" என்று விரல் காட்டினால் குழு முழுக்க அதில் நிற்க வேண்டும். கச்சேரி நீண்டதும் அதே பாடகர் திரும்பி "நாலரை" என்பார். ஜி இப்போது எஃப் ஷார்ப் ஆகிவிட்டது. மூன்றாவது பிரெட்டில் ஆள்காட்டி விரலை முழுக்கப் படுக்க வைத்துப் பிடித்த கார்டு, இரண்டாவது பிரெட்டுக்கு இறங்க வேண்டும். அதோடு சேர்ந்து பாட்டில் வரும் மற்ற கார்டுகளும் ஒவ்வொரு பிரெட் இறங்க வேண்டும். கீபோர்டில் இதற்கு ஒரு பொத்தான் உண்டு. கிட்டார்காரருக்கு மண்டைக்குள் இருக்க வேண்டும். கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை மாட்டலாமே என்று ஒருவர் கேட்டார். அது சுருதியை ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது என்று கம்பியைத் தட்டிக் காட்டினார் மாஸ்டர்.

இந்த அறிவை அவர்கள் எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. கேசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டு, மூத்த வாத்தியக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்து எடுத்துக்கொண்டது. பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜாவும், 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, பிற இசையமைப்பாளர்களுக்குக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர்தான். சிவகாசிக்கு இந்த வழி புதிதல்ல. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும் வளர்ந்த இந்த வட்டாரத்தின் கதை, தெரிந்தவரிடம் போய்க் கற்றதில் தொடங்குகிறது. அதை நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

பட்டாசும் தீப்பெட்டியும் காய்வதற்குத் தோதான வறண்ட காற்று, கிட்டாருக்கு ஆகாது. மரம் சுருங்கும். பிரெட் கம்பிகளின் முனை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். மேல்பலகை சில சமயம் வெடித்தே போகும். ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவிசையை அந்த மெல்லிய பலகை மேல் வைத்திருக்கின்றன என்று இரண்டாவது மாஸ்டர் சொன்னபோது, பலர் கிட்டாரை மடியில் கொஞ்சம் பதமாக வைத்துக்கொண்டார்கள். சித்திரை வெயிலில் பெட்டியைத் திறந்து போடாதீர்கள், வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வையுங்கள், மரத்தில் மட்டும் படக் கூடாது. இவ்வளவுதான் அவர் சொன்ன வைத்தியம். வேறு ஊர்ப் புத்தகம் எதுவும் விருதுநகர் வெயிலுக்கு இப்படிச் சொல்லியிருக்காது.

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் வந்திருந்தார். அவர் ஊர்த் தேவாலயத்தில் கிட்டார் இருக்கிறது, வாசிக்க ஆள் இல்லை. எஃகுக் கம்பியை அழுத்தும்போது மற்றவர்கள் விரலை உதறிக்கொண்டிருந்தார்கள், அவர் உதறவில்லை. மாஸ்டர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "விரல் ஏற்கெனவே காய்ச்சுப் போயிருக்கேம்மா. உனக்குப் பாதி வேலை முடிஞ்சுது" என்றார். அந்தப் பெண் முகம் மலர்ந்து சிரித்தார். அன்று மாலைக்குள் மூன்று கார்டுகளை இடறாமல் மாற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பெரும்பகுதி வலது கைக்கே போனது. இடது கை கார்டைக் கற்றுக்கொள்ளும்; வலது கைதான் பாட்டைத் தாங்கும் என்பது அவர்கள் கட்சி. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிமேல் லேசாக வைத்து ஒலியை அடக்க வேண்டும். தபலா நிறையப் பேசும் இடத்தில் கிட்டார் குறைவாகப் பேச வேண்டும். ஒரு சரணம் முழுக்கக் கையைத் தூக்காமல் இருப்பதும் வாசிப்புதான். சிறுவயதில் திருவிழாக் கச்சேரிகளை எத்தனையோ இரவு கேட்டிருக்கிறேன். ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் இவ்வளவையும் செய்துகொண்டிருந்தார் என்று இப்போதுதான் என் காது அறிந்தது. நாடகக் கலைஞர் விஸ்வநாததாஸ் பிறந்த சிவகாசியில், நாடக மேடையின் ஆர்மோனியக்காரருக்கு இருந்த பொறுப்பும் இதே பொறுப்புதான். பாடுகிறவரை விழவிடக் கூடாது.

இடைவேளையில் எண்ணெய்ப் பரோட்டா வந்தது. மாஸ்டர்கள் தங்கள் நிலையைச் சொன்னதும் அப்போதுதான். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டில் ஒலி மாசு விதிகள் வந்தன. அது சரியான விதி. நோயாளிகளும் படிக்கும் பிள்ளைகளும் தூங்க வேண்டும். விடிய விடிய நடந்த கச்சேரிகள் அதனால் சுருங்கின. அவர்கள் மேடையைப் பறித்தது அந்த விதி இல்லை. பறித்தது, பாட்டில் குரலை மட்டும் நீக்கிப் பதிவுசெய்த டிராக். ஒரு மடிக்கணினி, இரண்டு பாடகர்கள், கச்சேரி முடிந்துவிடுகிறது. செலவு குறைவு. ஆனால் அந்த டிராக்குக்குப் பாடகரின் தொண்டை கட்டியது தெரியாது. அவர் ஒரு வரியை ரசித்து நீட்டினால் காத்திருக்காது. கூட்டம் "இன்னொரு தடவை" என்று கேட்டால், முதலிலிருந்துதான் ஓடும். கோயில் விழாவுக்கு வானவேடிக்கைக்குச் செலவழிக்கக் கூசாத ஊர்கள், வாசிக்கிற மனிதருக்குக் கொடுக்க வேண்டியதில் கைவைப்பது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

விழாக் கமிட்டியில் இருக்கும் அண்ணாச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கலுக்கு மேடை போடும்போது இரண்டு மணி நேரம் போதும், ஆறு பேர் போதும். மனிதர்கள் வாசிக்கும் கச்சேரியாக வையுங்கள். வீட்டில் கிட்டார் வாங்கி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தெருவிலோ பக்கத்து ஊரிலோ, மெல்லிசை மேடையில் வாசித்த பெரியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். விசாரித்துக் கண்டுபிடியுங்கள். உங்களுக்குத் தெரிந்த பாட்டை அவர் முன்னால் வாசியுங்கள். அரைக் கட்டை இறக்கச் சொல்வார், இறக்கிப் பாருங்கள்.